செயற்கைக் காலுடன் கல்லாவுக்குத் திரும்புவது எப்படி?

நமது தொழிலின் மூலதனம் எது என்று கேட்டால் பணம், கடை இருக்கும் இடம், மொத்த வியாபாரியிடம் உள்ள நாணயம் என்று வரிசையாகச் சொல்வோம். விடியற்காலை ஷட்டரைத் தூக்கியதிலிருந்து இரவு பத்து மணிக்கு இறக்கும்வரை நம்மைத் தாங்கி நிற்கும் இரண்டு கால்களை எந்தப் பேரேட்டிலும் யாரும் எழுதுவதில்லை.

இந்தியாவில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் 10.1 கோடிப் பேர் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் கூறியது. நேரங்கெட்ட சாப்பாடு, நாள் முழுதும் கல்லாவை விட்டு நகராத உடம்பு, வெறுங்காலுடன் கடைக்குள் நடமாட்டம், மருத்துவரைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை வரட்டும் என்று தள்ளிப்போடும் பழக்கம் எல்லாம் சேர்ந்து நம்மவர்களை அந்தக் கணக்கில் தாராளமாகச் சேர்த்து வைத்திருக்கின்றன. காலில் ஒரு சிறு புண், அது ஆறாமல் சீழ் வைத்து, விரலில் தொடங்கிக் கணுக்கால், முழங்கால் என்று எடுக்க வேண்டியதாகிவிட்ட வியாபாரிகள் அநேகமாக எல்லா ஊர்ச் சங்கங்களிலும் இருக்கிறார்கள். சாலை விபத்தில் காலை இழந்தவர்களும் உண்டு.

கால் எடுத்தவர்கள் இரண்டு வகையாகத் தொழிலை இழப்பதைப் பார்க்கிறோம். ஒரு சாரார், இனிக் கடை நமக்கில்லை என்று சாவியைப் பிள்ளைகளிடமோ, பிள்ளைகள் வெளியூரில் இருந்தால் வாடகைக்குக் கேட்பவரிடமோ கொடுத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறார்கள். இன்னொரு சாரார் செயற்கைக் கால் கைக்கு வந்த வாரமே பழையபடி நாள் முழுதும் நிற்கப் போய், தோல் உரிந்து புண்ணாகி, "இது நமக்குச் சரிப்படாது" என்று காலைக் கழற்றிப் பரண்மேல் வைத்துவிடுகிறார்கள். இரண்டாவது வகையினர்மீது எனக்கு வருத்தம் அதிகம். கால் சரியாகத்தான் இருந்தது; அதைப் பழக்கிக்கொள்ளும் முதல் ஓராண்டை எப்படி நடத்துவது என்று அவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. அந்த ஓராண்டைப் பற்றியே இக்கட்டுரை.

என் மைத்துனர் எண்ணெய்க் கடை வைத்திருக்கிறார். அவருக்கு வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. கடை சம்பந்தமாக இங்கே எழுதியிருப்பவற்றில் பெரும்பகுதி அவர் செய்துகொண்டவை. மருத்துவச் செய்திகள் செயற்கைக் கால் பொருத்தும் நிலையங்களில் பொதுவாகச் சொல்லித் தருபவை. ஒவ்வொருவர் உடம்பும் வேறு என்பதால் தம் மருத்துவர் சொல்வதையே முதலாக வைத்துக்கொள்ள வேண்டும்.

வீட்டுக்கு வந்த முதல் வாரங்கள்

அறுவை முடிந்து புண் ஆறப் பொதுவாக ஆறு முதல் எட்டு வாரம் பிடிக்கும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு இன்னும் நீளும். இந்த நாட்களில் செயற்கைக் காலைப் பற்றிய பேச்சே வேண்டாம் என்று பலர் சும்மா படுத்திருப்பார்கள். ஆனால் பின்னால் கால் பொருந்துமா பொருந்தாதா என்பதில் பாதி இப்போதே தீர்மானமாகிவிடுகிறது.

முதலாவது, மீதமுள்ள கால் பகுதியின் வடிவம். இதை மருத்துவமனையில் ஸ்டம்ப் என்பார்கள். நாமும் அப்படியே அழைப்போம். அறுவைக்குப் பின் ஸ்டம்ப் வீங்கியிருக்கும். மீள்தன்மையுள்ள கிரேப் பேண்டேஜை எட்டு என்ற எண் போல் குறுக்கும் நெடுக்குமாக, நுனியில் இறுக்கமாகவும் மேலே போகப் போகத் தளர்வாகவும் சுற்றி, நாளில் பல தடவை அவிழ்த்துச் சுற்றி வந்தால் வீக்கம் வடிந்து கூம்பு போன்ற வடிவத்துக்கு வரும். வளையம் வளையமாகச் சுற்றினால் இரத்த ஓட்டம் தடைபடும். மூட்டைக்குச் சணல் கட்டுவதுபோல் கட்டிவிடக் கூடாது என்று சொன்னால் நம்மவர்களுக்குச் சட்டென்று விளங்கும்.

இரண்டாவது, மூட்டு மடங்கிப் போதல். இது நம் தொழிலுக்கென்றே வைத்த கண்ணி. முழங்காலுக்குக் கீழே எடுத்தவர் காலுக்கடியில் தலையணையை வைத்துப் படுத்தாலும், முக்காலியில் காலைத் தொங்கவிட்டபடியே மணிக்கணக்கில் உட்கார்ந்தாலும், முழங்கால் மடங்கிய நிலையிலேயே தசைநார் சுருங்கிவிடும். பிறகு காலை நேராக நீட்ட முடியாது. நீட்ட முடியாத காலில் செயற்கைக் கால் மாட்டி நடப்பது பெரும்பாடு. "படுத்துக் கிடப்பதற்குப் பதில் கல்லாவிலாவது உட்காரலாமே" என்று நான்காவது வாரமே கடைக்கு வந்து உட்காருகிறவர்களுக்கு இப்படித்தான் ஆகிறது. வருவதானால் ஒன்று செய்யலாம். உட்காரும் பலகைக்குக் கீழே இன்னொரு பலகையைச் செருகி முன்பக்கம் ஒரு முழம் நீட்டிக்கொண்டிருக்கச் செய்து, ஸ்டம்பை அதன்மேல் நேராக நீட்டி வைக்க வேண்டும். தச்சருக்கு அரை மணி நேர வேலை. முழங்காலுக்கு மேலே எடுத்தவர்களுக்கு இடுப்பு மூட்டு இதேபோல் மடங்கும். அவர்கள் நாளில் இரண்டு மூன்று தடவை கால் மணி நேரமாவது குப்புறப் படுக்க வேண்டும்.

மூன்றாவது, இல்லாத கால் வலிப்பது. இதை வெளியில் சொல்லப் பலர் கூச்சப்படுகிறார்கள். புத்தி பேதலித்துவிட்டது என்று வீட்டில் நினைப்பார்களோ என்ற பயம். வெட்டி எடுத்த பாதத்தில் அரிப்பு, விரல்கள் முறுக்கிக்கொள்வது போன்ற வலி, நெருப்புச் சுட்டாற்போன்ற எரிச்சல் எல்லாம் கால் இழந்தவர்களில் மிகப் பலருக்கு வருகின்றன. அமெரிக்க உள்நாட்டுப் போரில் காயம்பட்டவர்களைப் பார்த்த வெயர் மிட்செல் என்ற மருத்துவர் 19ஆம் நூற்றாண்டிலேயே இதற்கு 'ஆவி உறுப்பு' என்று பொருள்படப் பெயர் வைத்தார். பாதத்துக்கென்று மூளையில் உள்ள பகுதி பாதம் போன பிறகும் வேலை செய்துகொண்டிருப்பதால் இது வருகிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்காவில் பணியாற்றும் நம்மூர்க்காரரான வி.எஸ். இராமச்சந்திரன், 1990களில் ஒரு சாதாரணக் கண்ணாடியைக் கொண்டு இதற்கு வைத்தியம் காட்டி உலகப் புகழ் பெற்றார். இருக்கும் உறுப்புக்குப் பக்கத்தில் கண்ணாடியை நிறுத்தி, இல்லாத உறுப்பின் இடத்தில் அதன் பிம்பம் தெரியும்படி வைத்து, அதைப் பார்த்துக்கொண்டே அசைப்பது அந்த முறை. எல்லோருக்கும் பலிக்கும் என்று சொல்ல முடியாது. மாத்திரைகளும் இருக்கின்றன. பலருக்குச் செயற்கைக் காலை மாட்டி நடக்கத் தொடங்கியதும் வலி தானே குறைகிறது. மருத்துவரிடம் தயங்காமல் சொல்ல வேண்டும் என்பதற்காகவே இவ்வளவு எழுதினேன்.

இன்னொன்றையும் வீட்டார் தெரிந்திருக்க வேண்டும். கால் இருப்பதாகவே உணர்வு சொல்வதால், மண்டிக்குப் போகும் பழக்கத்தில் விடியற்காலை நான்கு மணிக்குத் தூக்கக் கலக்கத்தோடு எழுந்து அந்தக் காலையே தரையில் ஊன்றப் போய் விழுகிறவர்கள் உண்டு. விழுந்தால் ஆறிய தையல் பிரியும். கட்டிலுக்குக் கை எட்டும் தூரத்தில் அக்குள் கட்டையும், இரவு முழுதும் ஒரு சிறு விளக்கும் இருக்கட்டும்.

எந்தக் கால் வாங்குவது?

முழங்கால் இருக்கிறதா இல்லையா என்பதே பெரிய வித்தியாசம். சமதரையில் நடக்க, முழங்காலுக்குக் கீழே இழந்தவருக்கு மற்றவர்களைவிடக் கால் பங்கு முதல் ஏறக்குறைய அரைப் பங்கு வரை கூடுதல் சக்தி செலவாகிறது. முழங்காலுக்கு மேலே இழந்தவருக்கு அரைப் பங்குக்கும் அதிகம். ஆகவே முன்னவர் மெல்ல மெல்ல நின்று வியாபாரம் செய்யும் நிலைக்குத் திரும்பலாம். பின்னவர் உட்கார்ந்து நடத்தும்படி கடையை மாற்றிக்கொள்வதே புத்திசாலித்தனம். சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் இந்தக் கூடுதல் உழைப்பையும் கணக்கில் எடுக்க வேண்டும். நடைப் பயிற்சி தொடங்கும் நாட்களில் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரக்கூடும். கையருகே சர்க்கரை இல்லாத மளிகைக் கடை எங்கே இருக்கிறது? ஆனாலும் சட்டைப் பையில் நான்கு மிட்டாய் இருக்க வேண்டும்.

செயற்கைக் கால் என்றதும் நம் மக்கள் சொல்வது ஜெய்ப்பூர் கால். அதன் வரலாறு தொழில் செய்கிறவர்கள் அறிய வேண்டியது. மேல்நாட்டுச் செயற்கைப் பாதங்கள் பூட்ஸுக்குள் வைக்கச் செய்தவை, கணுக்கால் அசையாது. அவற்றைப் போட்டுக்கொண்டு வெறுங்காலில் நடக்கவும், குந்தி உட்காரவும், சம்மணம் போடவும் நம் நாட்டவர்க்கு முடியவில்லை. கொடுத்த கால்களை வாங்கிப் போய் மூலையில் வைத்துவிட்டார்கள். 1968 வாக்கில் ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் மருத்துவமனையில் எலும்பு மருத்துவர் பி.கே. சேத்தியும், அதிகம் படிக்காத கைவினைஞரான ராம்சந்திர சர்மாவும் சேர்ந்து ரப்பரில் பாதம் செய்தார்கள். டயருக்கு ரப்பர் ஒட்டும் கடையைப் பார்த்துத்தான் சர்மாவுக்கு யோசனை வந்தது என்பார்கள். உள்ளே மரக்கட்டையும் பஞ்சு போன்ற ரப்பர் கட்டைகளும் வைத்து, மேலே தோல் நிறத்தில் ரப்பர் போர்த்தி வேகவைத்து எடுத்த அந்தப் பாதம் எல்லாப் பக்கமும் வளையும், நனைந்தாலும் கெடாது, வெறுங்காலோடும் நடக்கலாம். சேத்திக்கு 1981-இல் மகசேசே விருது கிடைத்தது. 1975-இல் டி.ஆர். மேத்தா ஜெய்ப்பூரில் தொடங்கிய பகவான் மகாவீர் விகலாங்க சகாயதா சமிதி இன்றுவரை இக்கால்களை இலவசமாகவே பொருத்தி வருகிறது. பல ஊர்களில் முகாம்களும் நடத்துகிறது.

தமிழ்நாட்டில் இந்தக் கால் பெயர் பெற்றது நடிகை சுதா சந்திரனால். 1981-இல் தமிழ்நாட்டில் நடந்த பேருந்து விபத்தில் காலை இழந்து, ஜெய்ப்பூர் கால் பொருத்திக்கொண்டு 1984-இல் மீண்டும் பரதநாட்டிய மேடை ஏறினார். "சுதா சந்திரன் ஆடவில்லையா? நீர் பொட்டலம் கட்ட மாட்டீரா?" என்று நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் கேட்கிறார்கள். நல்லெண்ணத்தில் கேட்பதுதான். ஆனால் அவருக்கு அப்போது வயது பதினாறு, பதினேழு; சர்க்கரை நோய் இல்லை; நடனப் பயிற்சி பெற்ற உடம்பு. அவரே வலியோடும் இரத்தத்தோடும் பயின்றதாகப் பலமுறை சொல்லியிருக்கிறார். ஐம்பத்தைந்து வயதில் சர்க்கரையோடு இருக்கும் அண்ணாச்சியிடம் இப்படிப் பேசினால் மூன்றாம் நாளே கடையைத் திறந்துவிடுவார். ஒரு மாதத்தில் புண்ணோடு படுப்பார்.

இன்று எடை குறைந்த கார்பன் பாதம், சிலிக்கான் உறை, நடைக்கேற்பத் தானே இயங்கும் மின்னணு முழங்கால் என்று பல வந்துவிட்டன. விலையும் சில ஆயிரத்திலிருந்து பல இலட்சம் வரை இருக்கிறது. சரக்குப் போல் ஒசந்த விலையில் ஒசந்த சரக்கு என்று பார்க்கக் கூடாது. குந்தி உட்கார்ந்து கீழ்த்தட்டில் எடுக்கும் வேலை உண்டா, வெறுங்காலில் நிற்பீரா, ஈரத் தரையா, எத்தனை கிலோ தூக்குவீர் என்பதைப் பொருத்துகிறவரிடம் விவரமாகச் சொல்ல வேண்டும். பாதத்தைத் தேர்ந்தெடுப்பது உடல் எடையை வைத்து. அந்த எடையோடு தோளில் 25 கிலோ சிப்பமும் ஏறும் என்பது அவருக்குத் தெரியாது.

சாக்கெட்டும் காலுறையும்

இந்தப் பகுதியை நிதானமாகப் படிக்க வேண்டுகிறேன். பாதம் எதுவாக இருந்தாலும், ஸ்டம்ப் உள்ளே போய் உட்காரும் கிண்ணம் போன்ற பகுதிதான் செயற்கைக் காலின் உயிர். அதற்குச் சாக்கெட் என்று பெயர். அளவு எடுக்கும் நாளில் ஸ்டம்ப் எப்படி இருந்ததோ அதற்கேற்பச் சாக்கெட் அமைகிறது. ஆனால் ஸ்டம்ப் அப்படியே இருப்பதில்லை. முதல் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை, சிலருக்கு ஒன்றரை ஆண்டுகூட, சதை வற்றிச் சுருங்கிக்கொண்டே போகும். அன்றாடமும் மாறும். காலையில் சற்றே பருத்திருக்கும். சாக்கெட்டுக்குள் நாலு மணி நேரம் நின்ற பிறகு வற்றும். உப்பு அதிகம் சாப்பிட்ட மறுநாள் வீங்கும்.

இந்த ஏற்ற இறக்கத்தைச் சமாளிப்பது ஸ்டம்பின்மேல் போடும் பருத்தி அல்லது கம்பளிக் காலுறை. மெல்லியது, நடுத்தரம், கனமானது என்று பல தடிமனில் கிடைக்கும். காலையில் ஒன்று போட்டுக் கடைக்கு வந்தவர், பதினொரு மணிக்கு நடக்கும்போது கால் சாக்கெட்டுக்குள் மேலும் கீழும் ஏறி இறங்குவதுபோல் தெரிந்தாலோ, ஸ்டம்பின் நுனி அடியில் இடிப்பதுபோல் தெரிந்தாலோ, கழற்றி மெல்லிய காலுறை ஒன்றைச் சேர்த்துப் போட வேண்டும். மாறாக, உள்ளே முழுதாக இறங்காமல் மேலேயே நின்று கால் நீளமாகிவிட்டதுபோல் இருந்தால் ஒன்றைக் குறைக்க வேண்டும். எடை போடுகிறவர்களுக்கு இது கடினமல்ல. தட்டு ஏறினால் கொஞ்சம் எடுக்கிறோம், இறங்கினால் கொஞ்சம் போடுகிறோம். என் மைத்துனர் முதல் ஆறு மாதமும் கடன் நோட்டின் பின்பக்கத்தில் எத்தனை மணிக்கு எத்தனை உறை என்று குறித்து வந்தார். உறைமேல் உறையாகச் சேர்த்துக்கொண்டே போக வேண்டியிருந்தால் சாக்கெட் பெரிதாகிவிட்டது என்று பொருள். புதியது செய்ய வேண்டும். முதல் இரண்டு ஆண்டுகளில் ஒரு தடவையாவது சாக்கெட் மாற்ற நேர்வது சாதாரணம். "போன வருஷம்தானே வாங்கினோம், ஏமாற்றிவிட்டார்கள்" என்று நிலையத்தாரிடம் சண்டைக்குப் போகத் தேவையில்லை.

அணியும் நேரத்தையும் படிப்படியாகத்தான் கூட்ட வேண்டும். முதல் நாள் அரை மணி. கழற்றித் தோலைப் பார்ப்பது. சிவப்பு இருக்கும். கால் மணி நேரத்தில் மறைந்துவிட்டால் நல்லது, மறுநாள் சற்றே கூட்டலாம். மறையாத சிவப்பு, கொப்புளம், தோல் உரிவு எது இருந்தாலும் அன்று மறுபடி மாட்டக் கூடாது. பொருத்தியவரிடம் போக வேண்டும். சர்க்கரை நோயாளிக்குத் தோலில் உணர்ச்சி குறைந்திருக்கும் என்பதால் வலிக்கவில்லையே என்பதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கண்ணால்தான் பார்க்க வேண்டும். பின்பக்கம் பார்க்க ஒரு கைக்கண்ணாடி போதும்.

ஸ்டம்பைக் கழுவுவது இரவில். சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, நன்றாக உலர விட வேண்டும். காலையில் குளித்த ஈரத்தோடு மாட்டினால் தோல் ஊறி உரியும். காலையில் குளித்துத் திருநீறு பூசாமல் கடை திறக்காதவர்கள் குளித்தபின் கால் மணி நேரம் உலர்த்திவிட்டு மாட்டலாம். சாக்கெட்டின் உட்புறத்தையும் தினமும் ஈரத் துணியால் துடைக்க வேண்டும். காலுறையை நாள்தோறும் துவைக்க வேண்டும். சித்திரை வெயிலில் நாளுக்கு இரண்டு. தோல் மிருதுவாக வேண்டுமென்று தேங்காய் எண்ணெய் தடவுவது இரவில் மட்டும்.

கடைக்குள் செய்துகொள்ள வேண்டியவை

கடை வாசலில் சாக்கடைமேல் போட்ட கல்லும் அதற்கு மேல் உயரமான படியும் நம் கடைகளின் இலட்சணம். ஏறும்போது நல்ல கால் முன்னே; இறங்கும்போது செயற்கைக் கால் முன்னே. பிசியோதெரபி நிலையத்தில் முதலில் சொல்லித் தருவது இது. கைத்தடி வைத்திருப்பவர் அதைச் செயற்கைக் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். பலர் தவறான கையில் பிடிக்கிறார்கள். படிக்குப் பக்கத்தில் சுவரில் ஓர் இரும்புக் கம்பியைப் பதித்துவிட்டால் வயதான வாடிக்கையாளர்களும் வாழ்த்துவார்கள்.

கடைக்குள் செருப்புப் போடுவதில்லை என்பது நம்மில் பலர் காப்பாற்றி வரும் வழக்கம். இலட்சுமி வாசம் செய்யும் இடம் என்ற மரியாதை. அதை நான் குறைசொல்லவில்லை. ஆனால் இங்கே இரண்டு சிக்கல்கள் உள்ளன. செயற்கைக் கால் குறிப்பிட்ட குதி உயரத்துக்கு ஏற்றபடி சாய்வு வைத்துப் பொருத்தப்படுகிறது. குதி உயர்ந்த செருப்புக்கு அமைத்ததை வெறுங்காலோடு ஊன்றினால் முழங்கால் பின்னுக்குத் தள்ளப்பட்டு நடை கெடும், முதுகு வலிக்கும். மற்றது, இருக்கிற நல்ல கால் வெறுங்காலாகத் தரையில் படுவது. அதைக் கடைசியில் சொல்கிறேன். கடைக்குள் மட்டும் அணியவென்று, வெளியில் கால் வைக்காத, வெளிச் செருப்பின் அதே உயரமுள்ள ஒரு சோடியைத் தனியாக வைத்துக்கொண்டால் வழக்கமும் கெடாது, காலும் கெடாது. "தெருவில் போட்டதை உள்ளே போட்டால்தானே தோஷம்" என்று என் அத்தையே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

தரையில் சிந்தும் எண்ணெய் பெரிய எதிரி. செயற்கைப் பாதத்துக்கு வழுக்குவது தெரியாது, தெரியும்போது விழுந்திருப்போம். டின் வைக்கும் இடத்தைக் கல்லாவுக்கும் அலமாரிக்கும் நடுவே உள்ள நடைபாதையிலிருந்து அகற்றிவிட வேண்டும். அளந்து ஊற்றும் இடத்தில் சாக்குக்குப் பதில் ரப்பர் விரிப்பு போடலாம். சாக்கு சுருண்டு காலைத் தட்டும்.

அடுக்கும் முறையையே மாற்ற வேண்டும். அடிக்கடி கேட்கும் பருப்பு, சீனி, உப்பு, சோப்பு எல்லாம் இடுப்புக்கும் தோளுக்கும் நடுவிலுள்ள தட்டுகளில் வரட்டும். எப்போதாவது போகும் சரக்கு மேலும் கீழும் போகட்டும். ஏணி ஏறுவது கடைப்பையன் வேலை. மூட்டையைத் தோளில் ஏற்றுவதை அடியோடு விட்டுவிட்டுக் கைவண்டியில் தள்ள வேண்டும். ஷட்டரைக் குனிந்து வெடுக்கென்று இழுப்பதையும் மற்றவரிடம் விடலாம். ஆண்டுக்கு இரண்டு தடவை கிரீஸ் போட்டால் பையனுக்கும் சுலபம்.

நிற்பதற்குப் பதில் பாதி உட்கார்ந்த நிலையில் எடை போட உயரமான முக்காலி ஒன்று தேவை. அதில் சாய்ந்துகொண்டால் எடை இரு கால்களிலிருந்தும் இறங்கும். தராசை அதன் உயரத்துக்கு ஏற்ற இடத்துக்கு நகர்த்த வேண்டும்.

எல்லாவற்றையும்விடச் சங்கடமானது நடுப்பகலில் காலைக் கழற்றுவது. மதியம் கால் மணி நேரமாவது கழற்றி, ஸ்டம்பைக் காற்றாட விட்டு, வேர்வையைத் துடைத்து, உறை மாற்றி மாட்டினால் மாலை வியாபாரத்தைத் தாங்கலாம். வாடிக்கையாளர் முன்னிலையில் கழற்றக் கூச்சமாகத்தான் இருக்கும். அலமாரிக்குப் பின்னால் ஒரு மறைப்பும் ஒரு நாற்காலியும் போதும். வேட்டி, கைலி கட்டுகிறவர்களுக்கு இதில் பெரிய வசதி. கால்சட்டைக்காரர்கள் அகலமான கால் வைத்துத் தைத்துக்கொள்ள வேண்டும். மைத்துனர் முதலில் மறைத்துத்தான் வைத்திருந்தார். ஒரு நாள் எதிர்வீட்டுப் பாட்டியம்மா எட்டிப் பார்த்து, "ஏன் தம்பி ஒளிச்சு வைக்கிறே? எனக்குப் பல்லு செட்டு, உனக்குக் காலு செட்டு" என்று சொல்லிவிட்டுப் போனாராம். அதற்குப் பிறகு மறைப்பை எடுத்துவிட்டார்.

தீபாவளி, பொங்கல் வியாபாரத்தில்தான் தோல் கிழிகிறது. முதல் ஆண்டுப் பண்டிகைக்கு நாள் முழுதும் கடையில் நிற்பதென்ற எண்ணத்தை விட்டு, காலை ஒரு வேளை, மாலை ஒரு வேளை என்று பிரித்து, நடுவில் வீட்டார் ஒருவரைக் கல்லாவில் உட்கார வைக்க வேண்டும். கொள்முதலுக்கு வாரம் மூன்று நாள் மண்டிக்குப் போனவர் ஒரு நாள் போகலாம். மற்றதைத் தொலைபேசியில் சொல்லி வாங்கலாம். கடன் நிலுவை யார் யாரிடம் என்ற விவரம் தலைக்குள்ளேயே இருந்தால் வீட்டார் திண்டாடுவார்கள். மருத்துவமனையில் இருக்கும்போதே வாய்விட்டுச் சொல்லி எழுதச் செய்துவிட வேண்டும்.

செலவும் காகிதங்களும்

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும், சென்னை கே.கே. நகரிலுள்ள அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையத்திலும் செயற்கைக் கால் செய்து தருகிறார்கள். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குப் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் இருக்கிறது. நடைப் பயிற்சிக்குப் பெயர் பெற்றது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 40 சதவீதத்துக்குக் குறையாத பாதிப்பு என்று மருத்துவச் சான்று பெற்றவர்கள் அரசு உதவிகளுக்குத் தகுதியானவர்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். "கடை முதலாளி இந்த அட்டை வாங்குவதா" என்று கௌரவம் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். வரி கட்டும்போது ஒரு ரூபாய் விடமாட்டோம். இதில் மட்டும் என்ன தாராளம் என்று தெரியவில்லை.

இருக்கிற கால்

சர்க்கரையால் ஒரு காலை இழந்தவருக்கு மறு காலும் ஆபத்தில் இருக்கிறது. அதே நோய், அதே இரத்தக் குழாய்கள், இப்போது கூடுதல் பாரம் வேறு. செயற்கைக் காலில் கவனமாக இருக்கும் பலர் இந்தக் காலை மறந்துவிடுகிறார்கள். தினமும் இரவில் ஸ்டம்பைக் கழுவும்போதே இந்தப் பாதத்தையும் கழுவி, விரலிடுக்கைத் துடைத்து, அடிப்பாகத்தைக் கண்ணாடியில் பார்க்க வேண்டும். நகத்தை நேராக வெட்ட வேண்டும். காலாணியைப் பிளேடால் சீவக் கூடாது. கடையில் விற்கிறோம் என்பதற்காகக் கண்ட களிம்பையும் பூசக் கூடாது.

வேலூரில் தொழுநோயாளிகளுக்கு மருத்துவம் செய்த டாக்டர் பால் பிராண்டின் அனுபவம் ஒன்று உண்டு. உணர்ச்சியற்ற கை கால்களில் புண் ஏன் வருகிறது என்று அவர் ஆராய்ந்து வந்த காலத்தில், இரவில் தூங்கி எழும் நோயாளிகளுக்கு விரலின் ஒரு பகுதியே காணாமல் போயிருந்தது. கண்காணித்துப் பார்த்தபோது எலி கடித்துத் தின்பது தெரிந்தது; வலி தெரியாததால் தூக்கம் கலையவில்லை. பிறகு நோயாளிகளுக்குப் பூனை கொடுத்து அனுப்பினார்கள். உணர்ச்சியற்ற பாதத்துக்கென்று மெத்தென்ற நுண்துளை ரப்பரில் செருப்பு செய்ததும் அவருடைய குழுவினர்தான். அந்த எம்.சி.ஆர். செருப்பையே இன்று சர்க்கரை நோயாளிகளுக்கும் எழுதித் தருகிறார்கள்.

மளிகைக் கடையில் எலி இல்லை என்று யாரும் சொல்ல மாட்டோம். சரக்கு வந்த இரவு காவலுக்கென்று மூட்டைகளுக்கு நடுவே பாயை விரித்துப் படுப்பதும் நம் வழக்கம். பாதத்தில் மரமரப்பு உள்ளவர்கள் அப்படிப் படுக்கக் கூடாது. தவிர்க்க முடியாத இரவில் கட்டிலில் கொசுவலை கட்டி நான்கு பக்கமும் செருகிக்கொண்டு, பாதத்துக்குக் காலுறை போட்டுப் படுத்து, காலையில் எழுந்ததும் விளக்கைப் போட்டு முதலில் பாதத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் ஷட்டரைத் திறக்கச் சொல்லுங்கள்.